ஒரு வெற்று ஸ்டிக்கரிலிருந்து தொடங்கும் ரிகர்ஷன்

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்துவிட்டால் மாமாவின் மண்டியில் கால் வைக்க இடம் இருக்காது. வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் கிரேட்டுகள்தான். எந்தக் கிரேட்டில் என்ன ரகம், என்ன அளவு, காயா பழமா என்று முன்பெல்லாம் சாக்பீஸால் எழுதிப் போடுவார்கள், மழைத் தூறல் பட்டால் அழிந்துபோகும். ஒருநாள் மாமா, "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, எல்லா வகை ஸ்டிக்கரையும் ஒரே தாளில் அடிச்சுக் குடுப்பா" என்றார். ரகம் மூன்று: செந்தூராவுக்குச் செ, பெங்களூராவுக்குப் பெ, நீலத்துக்கு நீ. அளவு மூன்று: 1, 2, 3. அப்புறம் காய் என்றால் கா, பழம் என்றால் ப. ஆக செ1கா, செ1ப, செ2கா என்று வரிசையாக 3 × 3 × 2 = 18 ஸ்டிக்கர்.

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது ஃபார் லூப். ஒன்றுக்குள் ஒன்றாக அப்படி மூன்று போட்டேன், பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து, "எந்த ஊருக்குப் போகுதுன்னும் சேத்துடுப்பா, சென்னை, பெங்களூர் ரெண்டுதான்" என்றார். நான்காவது லூப், 36 ஸ்டிக்கர். அதற்கடுத்த வாரம் எந்தத் தோப்பு என்பதும் வேண்டும் என்றார். ஐந்தாவது லூப் போடும்போதுதான் உறைத்தது: நான் ஒவ்வொரு தடவையும் செய்வது ஒரே வேலை, ஆனால் புரோகிராமை ஒவ்வொரு தடவையும் திறந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். எத்தனை லூப் என்பதை எழுதும்போதே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. எத்தனை பட்டியல் வரும் என்பதோ மாமாவுக்கே தெரியாது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ரிகர்ஷன் வேண்டும், அதாவது ஒரு செயல் தன் வேலையின் சிறிய பகுதிக்குத் தன்னையே மறுபடி அழைப்பது.

நிறையப் பேர் ரிகர்ஷனை ஃபேக்டோரியலை (1 × 2 × 3 என்று ஓர் எண் வரை பெருக்குவது) வைத்துப் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அதில் ஒரு குறை உண்டு, ஃபேக்டோரியலை ஒரே லூப்பிலேயே எழுதிவிடலாம் என்பதால் "இது எதற்கு?" என்ற கேள்விக்குப் பதிலே கிடைப்பதில்லை. ஸ்டிக்கர் கணக்கில் பதில் உடனே கிடைக்கிறது.

கணினியைக் கொஞ்சம் மறந்துவிட்டு மண்டியிலேயே யோசிப்போம். மாமாவின் கையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. அவர் ரகப் பட்டியலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதி இரண்டையும் பக்கத்தில் கணக்கு எழுதும் அண்ணனிடம் கொடுத்து, "இதுல வர்ற எல்லாச் சேர்க்கையையும் எழுதிட்டு வா, நான் முன்னால ரகத்தைச் சேர்த்துக்கறேன்" என்கிறார். அண்ணன் என்ன செய்கிறார்? அளவுப் பட்டியலைத் தான் வைத்துக்கொண்டு, காய், பழம் என்ற கடைசிப் பட்டியலை லோடு ஏற்றும் தம்பியிடம் கொடுத்து அதையே சொல்கிறார். தம்பியும் தன் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் தள்ளுகிறார், ஆனால் மீதி என்று எதுவும் இல்லை. கடைசியாக நிற்கிறவரின் கைக்கு வருவது வெறும் காலி.

அவர் என்ன திருப்பிக் கொடுக்க வேண்டும்? இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் இடத்தில் நிதானமாக நின்று படிக்க வேண்டுமென்றால் அது இந்த இடம்தான்.

அவர் எதுவும் எழுதாத ஒரு வெற்று ஸ்டிக்கரைக் கொடுக்க வேண்டும். வெறும் கையோடு வரக்கூடாது. வெற்று ஸ்டிக்கர் ஒன்று கிடைத்தால்தான் தம்பி அதன் முன்னால் கா என்று எழுதி ஒன்று, ப என்று எழுதி ஒன்று என இரண்டு ஸ்டிக்கர் செய்து அண்ணனிடம் கொடுக்க முடியும். அண்ணன் அந்த இரண்டின் முன்னாலும் 1, 2, 3 என்று எழுதி ஆறாக்குவார். மாமா ஆறின் முன்னாலும் செ, பெ, நீ எழுதிப் பதினெட்டாக்குவார். கடைசி ஆள் வெறும் கையோடு வந்தால் தம்பிக்கு எழுத ஸ்டிக்கரே இல்லை, அண்ணனுக்கும் இல்லை, மாமாவின் கைக்கும் எதுவும் வராது. பெருக்கல் கணக்கில் 1-இல் தொடங்குவதற்கும் 0-வில் தொடங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. புரோகிராமில் எழுதினால் முதலாவது [""], அதாவது வெற்றுச் சொல் ஒன்று இருக்கிற பட்டியல். இரண்டாவது [], எதுவுமே இல்லாத பட்டியல். பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. படித்து முடித்த புதிதில் பெங்களூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது, மற்ற எல்லாம் சரியாக எழுதிவிட்டு கடைசியில் [] என்று திருப்பியிருந்தேன். ரன் செய்தால் எரரும் வரவில்லை, விடையும் வரவில்லை, காலியாக ஒரு வரி மட்டும் வந்தது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியாமல் அரைமணி நேரம் போய்விட்டது. ராத்திரி பஸ்ஸில் ஓசூர் தாண்டும்போதுதான் பேப்பரில் எழுதிப் பார்த்துப் புரிந்தது.

சரி, இப்போது இதை எழுதுவோம். எந்த மொழியிலும் எழுதலாம் என்பதால் கருத்து மட்டும் தெரியும்படி தமிழிலேயே எழுதுகிறேன். செயலுக்கு (ஃபங்ஷனுக்கு) பெயர் கலவை.

கலவை([]) = [""]

கலவை([முதல் | மீதி]) =
    கீழே = கலவை(மீதி)
    [ அ + ஆ : முதலில் உள்ள ஒவ்வொரு அ, கீழேயில் உள்ள ஒவ்வொரு ஆ ]

இவ்வளவுதான். முதல் வரி கடைசி ஆள். இரண்டாவது வரியில் பட்டியல்களை "முதல்" என்றும் "மீதி" என்றும் பிரிக்கிறோம், மீதியைக் கீழே அனுப்பி விடையை வாங்குகிறோம், அதன் முன்னால் நம்முடையதை ஒட்டுகிறோம். இரண்டு பட்டியல் வந்தாலும் இருபது வந்தாலும் இந்த வரிகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஒரு பட்டியலை முதல், மீதி என்று பிரித்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் ரொம்பப் பழையது, 1958-இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியிலேயே அடிப்படையாக இருந்தது.

கையால் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள், கீழிருந்து மேலே. மேலிருந்து கீழே ஓட்டினால் தலை சுற்றும்.

கலவை([]) → [""]
காய், பழம் சேர்ந்ததும் → [கா, ப]
அளவு சேர்ந்ததும் → [1கா, 1ப, 2கா, 2ப, 3கா, 3ப]
ரகம் சேர்ந்ததும் → [செ1கா, செ1ப, செ2கா, … நீ3ப]

ஒவ்வொரு படியிலும் "கீழே என்பது சரியாக வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், நான் செய்ய வேண்டியது என்ன?" என்ற கேள்வி மட்டும்தான். அண்ணன் எப்படி எழுதினார், தம்பி எப்படி எழுதினார் என்பது மாமாவுக்குத் தேவையில்லை. இந்த நம்பிக்கைதான் பழகும்வரை கஷ்டம். எல்லா அழைப்பையும் மனசுக்குள் ஒரே நேரத்தில் விரித்துப் பார்க்க முயற்சி செய்து பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

வைத்திருப்பதை மாற்றாமல், செயல்களைக் கோர்த்தே புரோகிராம் எழுதும் பாணிக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று பெயர். அது இதில் எங்கே வருகிறது? மேலே எழுதியதில் எதையும் நாம் அழிக்கவில்லை, மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியே ஒரு "விடைகள்" பட்டியலை வைத்து அதில் போட்டுக்கொண்டே போகவில்லை. வாங்கிய ஸ்டிக்கரின் மேல் எழுதாமல் புது ஸ்டிக்கர் எழுதுகிறோம். ஒரு செயல், தனக்கு வந்ததை மட்டும் பார்த்து விடையைத் திருப்பிக் கொடுக்கிறது, வெளியில் எதையும் தொடுவதில்லை, அதே கேள்விக்கு எப்போதும் அதே விடை. இதைத்தான் பியூர் ஃபங்ஷன் என்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு, இதுவரை எழுதியதைக் குறித்துவைக்கும் ஒரே ஒரு பாதைப் பட்டியலை வைத்துக்கொண்டு உள்ளே போகும்போது ஓர் எழுத்தைச் சேர்ப்பது, வெளியே வரும்போது எடுத்துவிடுவது. வேகமான வழிதான், தப்பில்லை. ஆனால் பைத்தான் மொழியில் புதிதாக எழுதுகிறவர்கள் அந்தப் பாதையை நகல் எடுக்காமல் அப்படியே விடைப்பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். எல்லா விடையும் ஒரே பாதையைத்தான் காட்டும், கடைசியில் அது காலியாகும்போது விடைகள் அத்தனையும் காலி. 18 காலிப் பட்டியல்கள் வரிசையாக அச்சாகும். புது ஸ்டிக்கர் எழுதுகிற முறையில் இந்தத் தப்பு நடக்க வழியே இல்லை.

அந்த அ + ஆ வரியைச் சின்னச் சின்னக் கருவிகளாகவும் உடைக்கலாம். ஒரு பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைச் செய்து புதுப் பட்டியல் தருவது மேப். கீழே உள்ள ஆறின் முன்னாலும் செ ஒட்டு என்றால் அது ஒரு மேப். இதை செ, பெ, நீ மூன்றுக்கும் செய்ய வேண்டும் என்பதால் மேப்புக்குள் மேப். அப்படிச் செய்தால் ஆறு ஆறாக மூன்று தனித்தனித் தாள்கள் கிடைக்கும், பட்டியலுக்குள் பட்டியல். மூன்றையும் ஒரே நீளத் தாளாக ஒட்டிக் கொடுக்கிறது ஃபிளாட்மேப். ஸ்காலா, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது, ஹாஸ்கெல் மொழியில் கான்கேட்மேப் என்பார்கள். "கீழிருந்து ஒரு விடை வாங்கு, என்னுடையதைச் சேர், மேலே கொடு" என்கிற மொத்த அமைப்புக்கே ஃபோல்டு என்று ஒரு பெயர் இருக்கிறது, தொடக்கமாக [""] கொடுத்து, சேர்க்கிற விதத்தைக் கொடுத்தால் ரிகர்ஷனை அதுவே பார்த்துக்கொள்ளும். ஹாஸ்கெல்லில் இந்த வேலைக்கு சீக்வென்ஸ் என்று ஒரு சொல் ஏற்கெனவே உண்டு, பைத்தானில் இட்டர்டூல்ஸ் என்ற தொகுப்பில் புராடக்ட். வேலைக்கு அவற்றையே பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு தடவையாவது கையால் எழுதிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

"கீழே" என்று ஒரு பெயர் கொடுத்து விடையை ஒரே தடவை வாங்கினோமே, அதைக் கவனிக்காமல் லூப்புக்கு உள்ளே கலவை(மீதி) என்று எழுதிவிட்டால் விடை மாறாது, ஆனால் மாமா ஒவ்வொரு ரகத்துக்கும் அண்ணனைத் தனித்தனியாக அனுப்புவார், அண்ணன் ஒவ்வொரு அளவுக்கும் தம்பியை அனுப்புவார். மூன்று பட்டியலுக்கு நான்கே அழைப்பில் முடிய வேண்டியது 1 + 3 + 9 + 18 = 31 அழைப்பாகிவிடும். செயல் பியூராக இருப்பதால்தான் ஒரு தடவை வாங்கிய விடையைத் தயங்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது.

இப்போது இதே கருவியை வைத்து இன்னொரு பழைய கேள்வி. இன்டர்வியூக்களில் அடிக்கடி வருவது: ஒரு சொல்லைக் கொடுத்து, அதன் எழுத்துகளை வரிசை மாற்றாமல் எடுத்தும் விட்டும் கிடைக்கிற எல்லாச் சேர்க்கைகளையும் சொல்லு. ஓசூரை எடுத்துக்கொள்வோம். ஓ, சூ, ர் மூன்று எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டே வழி, எடுக்கலாம் அல்லது விடலாம். விடுவது என்றால் வெற்றுச் சொல்லை வைப்பது. அதாவது மூன்று பட்டியல்கள்: ["", ஓ], ["", சூ], ["", ர்]. இதைக் கலவையிடம் கொடுத்தால்?

"", ர், சூ, சூர், ஓ, ஓர், ஓசூ, ஓசூர்

எட்டும் வந்துவிட்டன. புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை. வேறு வேறு கேள்வி என்று நினைத்துத் தனித்தனியாக மனப்பாடம் செய்திருந்த இரண்டும் ஒன்றே என்று தெரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. உள்ளே ஓர் என்று ஒரு நல்ல சொல் ஒளிந்திருப்பதையும் பாருங்கள்.

இத்தனை எழுத்துதான் வேண்டும் என்று எண்ணிக்கை கொடுத்தால் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி.

தேர்வு(0, எதுவானாலும்) = [""]
தேர்வு(எண், []) = []
தேர்வு(எண், [முதல் | மீதி]) =
    (தேர்வு(எண் − 1, மீதி) ஒவ்வொன்றின் முன்னும் முதல்) ++ தேர்வு(எண், மீதி)

++ என்பது இரண்டு பட்டியலை அடுத்தடுத்து ஒட்டுவது. முதல் எழுத்தை எடுத்தால் இன்னும் ஒன்று குறைவாக எடுக்க வேண்டும், விட்டால் அதே எண்ணிக்கையை மீதியிலிருந்து எடுக்க வேண்டும். இங்கே [""], [] இரண்டுமே வருகின்றன, இரண்டும் சரி, இரண்டுக்கும் அர்த்தம் வேறு. எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்தாகிவிட்டது என்றால் வெற்று ஸ்டிக்கர் ஒன்று. இன்னும் எடுக்க வேண்டும், ஆனால் எழுத்து தீர்ந்துவிட்டது என்றால் வழியே இல்லை, வெறும் கை. இந்த இரண்டு வரிகளின் வரிசையை மாற்றிவிடாதீர்கள். எண்ணும் 0 ஆகி எழுத்தும் தீர்ந்த நேரத்தில் முதல் வரிதான் பதில் சொல்ல வேண்டும்.

தருமபுரியில் இரண்டு எழுத்துச் சேர்க்கைகள் கேட்டால்: தரு, தம, தபு, தரி, ரும, ருபு, ருரி, மபு, மரி, புரி. பத்து. த உள்ளவை நான்கு, த இல்லாதவை ஆறு. மேலே எழுதிய ++ இரண்டு பக்கமும் அதுதான். தரு, தரி, மரி, புரி என்று நான்கு சொற்கள் அதற்குள் கிடைப்பது ஊர்ப்பெயரின் அழகு.

இதைக் கணினியில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்நேரம் வேறு ஏதாவது வந்திருக்கும். ருவை ஓர் எழுத்து என்று நாம் படிக்கிறோம், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது ர என்ற குறியும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. தருமபுரி நமக்கு 5 எழுத்து, பைத்தானில் நீளம் கேட்டால் 8 என்று சொல்லும். எல்லாச் சேர்க்கையும் கேட்டால் 32-க்குப் பதில் 256 வரும், உகரக் குறியும் இகரக் குறியும் எழுத்தில்லாமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தமிழில் புரோகிராமிங் கற்றுக்கொடுக்கிற எல்லாரும் இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளைகள் தங்கள் லாஜிக் தப்பு என்று நினைத்துக் கலங்கிப்போகிறார்கள், லாஜிக் சரியாகத்தான் இருக்கிறது. எழுத்து எழுத்தாக முதலில் பிரித்துவிட்டுக் கலவையிடம் கொடுத்தால் போதும். பைத்தானில் ஓப்பன் தமிழ் என்ற லைப்ரரி தமிழ் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும், எலிக்ஸிரில் கிராஃபீம்ஸ் என்ற செயல் மொழியிலேயே இருக்கிறது, ஸ்விஃப்டில் ஓர் எழுத்து என்றாலே ரு முழுசாகத்தான்.

ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் விடையிலும் இரட்டிப்பு வரும். மாமா என்று கொடுத்தால் வெற்று, மா, மா, மாமா. வேண்டாமென்றால் கடைசியில் ஒருமுறை வடிகட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வோர் எழுத்து கூடும்போதும் விடை இரண்டு மடங்காகிறது. 10 எழுத்துக்கு 1,024. 20-க்கு 10,48,576. 30-க்கு 107 கோடியைத் தாண்டிவிடும். ரிகர்ஷன் என்றாலே ஆழம் (ஒன்றுக்குள் ஒன்றாகக் காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை) போதாமல் புரோகிராம் நின்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, பைத்தானில் சாதாரணமாக 1000 அழைப்பு ஆழம்தான் எல்லை என்பது உண்மைதான். ஆனால் இங்கே ஆழம் என்பது எழுத்துகளின் எண்ணிக்கை மட்டுமே, 30 எழுத்துக்கு 31. ஆழம் தட்டுப்படுவதற்கு வெகு முன்பே விடைகளின் எண்ணிக்கை மெமரியை நிரப்பிவிடும். அதனால் எல்லாவற்றையும் மொத்தமாகக் கேட்காமல் வேண்டும்போது ஒவ்வொன்றாகக் கேட்பது நல்லது. ஹாஸ்கெல்லில் கேட்டால்தான் கணக்கிடும் என்பதால் முதல் ஐந்து மட்டும் போதும் என்றால் ஐந்தோடு நிற்கும், பைத்தானில் அதற்கு ஜெனரேட்டர், அதாவது விடைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கும் செயல், எழுத வேண்டும். மண்டியிலும் அப்படித்தான், நீலம் கடைசியில்தான் வரத்து. சீசன் தொடக்கத்தில் எதற்கு அதன் ஸ்டிக்கரையெல்லாம் அடித்து வைக்க?

நீங்கள் எழுதிப் பார்க்கத் தகடூர், தருமபுரியின் பழைய பெயர். த, க, டூ, ர் நான்கு எழுத்து. முதலில் பேப்பரில் கீழிருந்து மேலாக எழுதுங்கள், அப்புறம் உங்களுக்குப் பிடித்த மொழியில் ஓட்டுங்கள். 16 வர வேண்டும், அதில் ஒன்று தகர். 15 வந்தால் வெற்றுச் சொல்லை எங்கோ விட்டிருக்கிறீர்கள். 64 வந்தால் கணினி அதை ஆறாக வெட்டியிருக்கிறது. எதுவுமே வரவில்லையென்றால் கடைசி ஆள் வெறும் கையோடு வந்திருக்கிறார்.